சூரியன் வரம் கொடுத்தாலும்…

பழங்குடி நிலங்களுக்கு அமெரிக்க அரசே பாதுகாவலன். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அரிசோனாவில் நவஹோ, ஹோப்பி மக்களின் நிலத்தை அந்தப் பாதுகாவலன் காத்த அழகைப் பார்ப்போமா?

1966-இல் அங்குள்ள பிளாக் மேசா மேட்டு நிலத்தின் நிலக்கரி பீபாடி என்ற சுரங்க நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போனது. ஹோப்பிகளின் வழக்கறிஞர் ஜான் பாய்டன் அதே காலத்தில் பீபாடிக்கும் வேலை பார்த்தார். இரு தரப்புக்கும் ஒரே வக்கீல், எவ்வளவு சிக்கனம்! கரியைக் குழம்பாக்கி 440 கிலோமீட்டர் குழாயில் தள்ள, அந்தப் பாலை நிலத்தின் நிலத்தடி நீரை ஆண்டுக்கு 100 கோடி கேலனுக்கு மேல் உறிஞ்சினார்கள்.

இன்னொரு பங்கு கரியை எரிக்க 2,250 மெகாவாட் அனல் மின் நிலையம். அதற்கு 'நவஹோ' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். கரண்ட் போனது லாஸ் ஏஞ்சலஸுக்கும் லாஸ் வேகாஸுக்கும். கொலராடோ ஆற்று நீரை ஃபீனிக்ஸ் வரை ஏற்றும் பம்புகளுக்கும். அந்த ஆலையில் பாதுகாவலனுக்கும் 24.3 சதவீதப் பங்கு! உயர் அழுத்தக் கம்பிகள் போன வழியில் இருந்த பல வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு. சர்க்கரை நோயாளியின் இன்சுலின் ஐஸ் பெட்டியில். ஐஸ் கரைந்தால் மருந்தும் கெடலாம். 45 ஆண்டுகள் எரித்துவிட்டு, எரிவாயு மலிந்து கணக்கு கட்டுப்படியாகாததால் 2019-இல் மூடினார்கள்.

அதற்குள் நவஹோ மக்களின் சொந்த மின் நிறுவனம் தங்கள் நிலத்திலுள்ள கயென்டாவில் சோலார் பேனல்களை நிறுத்தியது. 2017-இலும் 2019-இலும் இரண்டு கட்டமாக, மொத்தம் சுமார் 55 மெகாவாட். பழைய ஆலையில் நாற்பதில் ஒரு பங்குதான். ஆனால் சொந்தம்.

சூரியன் வரம் கொடுத்தாலும் பூசாரிகள் விடுவார்களா? சோலாருக்கு வரிச் சலுகை இருந்ததே? இருந்தது, வரி கட்டுகிறவனுக்கு. பழங்குடி அரசு வரி கட்டாது. ஆகவே சலுகையும் கிடைக்கவில்லை. வெளியூர்க் கம்பெனி அதே மண்ணில் அதே பேனலை வைத்தால் தாராளமாகக் கிடைத்தது! 2022-இல்தான் ஒரு சட்டம் அந்தப் பணத்தை நேரடியாகப் பெற வழி திறந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்தக் கதவைச் சாத்தத் தொடங்கியது: 2026 ஜூலை 4-க்குள் வேலையைத் தொடங்கு, இல்லாவிட்டால் 2027 இறுதிக்குள் முடித்துவிடு. கெடு வைக்க அமெரிக்கச் சுதந்திர தினத்தைத் தேர்ந்தெடுத்த ரசனைக்கு ஒரு கும்பிடு. அடுத்த மாதமே, ஏழை வீடுகளுக்கும் பழங்குடிகளுக்கும் சோலார் தரவிருந்த 700 கோடி டாலர் திட்டமும் ரத்து.

கரியைத் தோண்ட அவசரப்பட்ட கைகள்தான் வெயிலைப் பிடிக்க வந்தவர்களுக்குக் கெடு வைக்கின்றன, பணத்தைப் பறிக்கின்றன. பாதுகாவலரே, நீர் காத்தது போதும். 45 ஆண்டு வெளிச்சத்தின் பாக்கியைக் கொடுத்துவிட்டு வழியை விடும். நவஹோ நிலத்தில் 10,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இன்னும் மின் இணைப்பு இல்லை.