புது ரெஸ்டாரன்ட்டில் மானம் போகாமல் சாப்பிடுவது எப்படி?

நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் சாலைப் பக்கமோ ஆழ்வார்பேட்டையிலோ ஒரு பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்து, பெயர்ப்பலகையே இல்லாமல் ஒரு ரெஸ்டாரன்ட் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டால், வீட்டு இளசுகளிடம் மூச்சு விடாதீர்கள். சொல்லித் தொலைத்துவிட்டீர்களா? சரி, மேலே படியுங்கள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு டேபிள் கிடைக்காது. ஆறரைக்குக் கிடைக்கும். நமக்கு அது டிபன் நேரம், பரவாயில்லை, பிடித்துப்போடுங்கள். ஸ்கூட்டரில் போகிறவர்கள் எதிர்ச்சாரியில் நிறுத்திவிட்டு, காரிலிருந்து இறங்கியவர்கள்போல நடந்து வரலாம். கையில் ஹெல்மெட் இருந்தால் வேஷம் பலிக்காது.

மெனு கார்டு கேட்காதீர்கள். மேஜைமேல் ஒட்டியிருக்கும் கட்டத்தை போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். விலைக்கு ரூபாய்க் குறி இருக்காது. 645 என்று மொட்டையாக நிற்கும். அது கலோரிக் கணக்கு அல்ல.

"ஸ்டில்லா, ஸ்பார்க்லிங்கா?" என்று உலகில் இரண்டே தண்ணீர் இருப்பதுபோலக் கேட்பார்கள். "சாதா தண்ணி, தம்பி" என்று சொல்லுங்கள். சொல்லும்போது குரல் தாழவே கூடாது. தாழ்ந்தால் பாட்டில் வந்துவிடும்.

நுரையைக் கண்டு பயப்படாதீர்கள். ஸ்பெயினில் எல் புல்லி என்ற உணவகத்தில் ஃபெரான் அட்ரியா 1990களில் கிளப்பிவிட்ட வித்தை அது. அவர் 2011இல் அந்த உணவகத்தையே மூடிவிட்டார். நம்மூர் ரசத்தில் இன்னும் அடங்கவில்லை. எலுமிச்சம்பழ அளவு இட்லி, அதன்மேல் தேங்காய்ச் சட்னி நுரை, ஓரத்தில் இடுக்கியால் வைத்த ஒற்றைக் கறிவேப்பிலை. அத்தை நிச்சயம் கேட்பார்: "இதுக்குத் தொட்டுக்க என்ன தம்பி?" "அதுவே கம்ப்ளீட் டிஷ், மேம்" என்று பதில் வரும். (நியாயமான கேள்வி என்பது என் கட்சி.) நாலு பேர் உட்கார்ந்திருக்கும் மேஜைக்குத் தட்டில் மூன்று இட்லிதான் வரும். வயதில் மூத்தவர் "எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று முந்திக்கொள்வது மரபு. அதை அவர் முகம் மாறாமல் சொல்ல வேண்டுமென்றால், கிளம்புமுன் வீட்டிலேயே இரண்டு தோசை கொடுத்துவிடுங்கள்.

பில்லை மட்டும் டார்ச் அடித்துப் படியுங்கள். தனி ரெஸ்டாரன்ட் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு மேலே 10 சதவீதம் 'சர்வீஸ் சார்ஜ்' என்று இருந்தால், அது வரியல்ல. கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915க்குப் போன் போடலாம்.

இத்தனை விஷயத்தையும் நீங்கள் மேனேஜரிடம் விளக்கத் தொடங்கும்போது, "விடுங்க மாமா" என்று மருமகன் பல்லைக் கடிப்பான். பிறகு, கார் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விடுவான். நீங்கள் வந்தது ஸ்கூட்டரில் என்பதை அப்போது நினைவூட்ட வேண்டாம்.