ஆச்சி அழாத முடிவு

‘சிவகாமியின் சபதம்’ முடிகிற இடத்தில் எங்கள் வீட்டில் அழாதவள் ஆச்சி ஒருத்திதான். 1944 முதல் 1946 வரை கல்கி அதைத் தம் இதழில் தொடராக எழுதியபோது, வாராவாரம் கிழித்துச் சேர்த்து நான்கு பாகங்களையும் பைண்டு செய்து வைத்தவளும் அவள்தான். எழுபதுகளில் திருநெல்வேலியில், கோடை விடுமுறையில், அந்தப் பைண்டுகளைத்தான் நான் படித்தேன். ஆயனச் சிற்பியின் மகளும் பல்லவ இளவரசனும் சேராமல் போனார்களே என்று நான் தேம்பிக்கொண்டிருக்க, ஆச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி, “ஏட்டி, எதுக்கு அழுத? அவளுக்கு என்ன கொறச்சல்? நல்ல எடத்துலதான போய்ச் சேந்திருக்கா” என்றாள்.

எனக்குப் பொல்லாத கோபம். ஒன்பது வருஷம் பகைவரின் தலைநகரான வாதாபியில் சிறையிருந்தவள் சிவகாமி. மீட்டுப்போக மாறுவேடத்தில் வந்த இளவரசன் மாமல்லனிடமே, இந்த நகரத்தை எரித்துவிட்டு அழைத்துப் போங்கள், அதுவரை வரமாட்டேன் என்றவள். வாதாபி எரிந்தது. காஞ்சிக்குத் திரும்பினால், மாமல்லனுக்குப் பாண்டிய இளவரசி மனைவியாகி, பிள்ளைகளும் பிறந்திருந்தார்கள். பிறகுதான் ஏகாம்பரநாதர் சந்நிதியில் திருமாங்கல்யத்தைப் பெற்று அணிந்துகொள்கிறாள். மனுஷன் கைவிட்டதற்குச் சாமி ஈடாகுமா என்று ஆச்சியிடம் சண்டை பிடித்தேன். அவள் வாதாடவில்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அப்பரின் ஆரூர்த் திருத்தாண்டகம் ஒன்றைப் பாடினாள். ஒரு பெண் முதலில் அவன் பெயரைக் கேட்டு, அவன் ஊரைக் கேட்டு, பித்தாகி, பெற்றவர்களை விட்டு, கடைசியில் தன்னையே மறந்து அவனைச் சேர்கிற பாட்டு.

இன்று எனக்கு ஆச்சியின் அன்றைய வயது. நாவலை மறுபடி படிக்கிறபோது, சிவகாமிக்கு யார் கிடைத்தார் என்பதைவிட அவள் எங்கெங்கே ஆடுகிறாள் என்பதுதான் மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. கதை தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே, காஞ்சியில் நாவுக்கரசர் மடத்தில், அப்பர் முன்னிலையில், ஆச்சி பாடிய அதே தாண்டகத்துக்குத்தான் அபிநயம் பிடிக்கிறாள். பாட்டு சிவனைப் பாடுகிறது. அவள் நெஞ்சில் நிற்பவன் மாமல்லன். இரண்டையும் ஒரே உடம்பில் தாங்க முடியாமல் மயங்கி விழுகிறாள். பிறகு வாதாபியின் நாற்சந்தி. சிறைபிடித்து வந்த தமிழர்களைச் சாட்டையால் அடிக்கிறார்கள். அந்த அடி நிற்பதற்காக, பகைவரின் தெருவில் ஆடுகிறாள். சபதம் பிறப்பது அந்த அவமானத்தில்தான். தன் காதல் முறிந்ததைவிட, தன் கலை சந்தியில் இழுத்துவரப்பட்டதற்கே அவள் நியாயம் கேட்கிறாள் என்று எனக்கு இப்போது உறுதியாகப் படுகிறது. கடைசியில் ஏகாம்பரநாதர் முன்னால் அவள் ஆடுவதும் மடத்தில் ஆடிய அதே பாட்டைத்தான். ஆகவே கடவுள் கதைக்குக் கடைசியில் வந்து சேர்ந்தவர் அல்லர். முதலில் அவருக்குரியதாக இருந்த பாட்டை அவள் ஓர் இளைஞனுக்குக் கொடுத்திருந்தாள்.

‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் இசையையும் நடனத்தையும் விமர்சித்து வந்தவர் கல்கி. நடனத்தை வெறும் அலங்காரமாக அவர் எழுதியிருக்க முடியாது. இந்தத் தொடர் வந்துகொண்டிருந்த நாட்களில், 1945-ல், எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’ வெளியானது. அதற்குப் பாட்டு எழுதியவர்களில் கல்கியும் ஒருவர். கண்ணனைக் கணவனாக வரித்த ஒருத்தியும் ஏகாம்பரநாதரை வரித்த ஒருத்தியும் ஒரே காலத்தில் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கிறார்கள். மீராவுக்கு ஆதியிலிருந்தே கண்ணன்தான். சிவகாமி ஒரு மனிதனை முழுசாக நேசித்து, அந்த வழியே நடந்து வருகிறாள். அதனால் எனக்குச் சிவகாமி இன்னும் நெருக்கம்.

நாவலில் வாதாபியைக் கொளுத்திய பல்லவத் தளபதி பரஞ்சோதியும் வாளைக் கீழே வைத்துவிட்டுப் போகிறார். பெரியபுராணத்தில் அவர் சிறுத்தொண்டர், அறுபத்துமூவரில் ஒருவர். அவர் பக்தியை யாரும் ஆறுதல் பரிசு என்று சொல்வதில்லை. பெண் கோவிலுக்குப் போனால் மட்டும் தோற்றுப்போனவள் என்று ஏன் நினைக்கிறோம்?

சட்டம் படிக்கும் என் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அன்று நான் ஆச்சியிடம் கோபப்பட்டதுபோல அவள் என்னிடம் கோபப்பட்டாள், காரணம்தான் வேறு. “அம்மா, கதை முடிஞ்சது 1946. பெண்களைச் சாமிக்குப் பொட்டுக்கட்டுறதைத் தடை செஞ்ச மெட்ராஸ் சட்டம் 1947. அந்தத் தாலியை நீங்க எப்படிக் கண்ணு கலங்காமப் படிக்கிறீங்க?” யாரும் சிவகாமியை நேர்ந்துவிடவில்லை, முடிவு அவளுடையது என்றேன். பெண் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அது செல்லாது என்றுதான் சட்டம் சொல்கிறது என்றாள். அவள் சொல்வது சரி. அந்தச் சட்டத்துக்காக முத்துலட்சுமி ரெட்டி எத்தனை வருஷம் போராடினார் என்பதும், சாமி பெயரால் எத்தனை சிறுமிகளின் வாழ்க்கை போனது என்பதும் எனக்கும் தெரியும். அந்தக் கடைசி அத்தியாயத்தை ஆச்சி படித்த நிம்மதியோடு என்னால் படிக்க முடியவில்லை. ஆனாலும் அந்த நடனத்தைச் சிவகாமியிடமிருந்து பிடுங்கவும் எனக்கு மனம் இல்லை.

மகளுக்கு இதைவிடப் பெரிய வழக்கு நாகநந்தி. மூன்றாம் பாகத்தின் பெயரே ‘பிக்ஷுவின் காதல்’. புத்த பிக்ஷு, வாதாபி மன்னன் புலிகேசியின் இரட்டைச் சகோதரன், துறவைத் துறக்குமளவு சிவகாமியை விரும்புகிறவன். “பக்தியிலிருந்து காதலுக்கு வந்தவரு வில்லன், காதலிலிருந்து பக்திக்குப் போனவ தெய்வமா? இது என்னம்மா நியாயம்?” என்கிறாள். விரும்பியதற்காக இல்லை, சிவகாமி வாதாபியில் கிடப்பதற்கே அவன் கைதான் காரணம், அதனால்தான் வில்லன் என்றேன். அவள் ஒப்பவில்லை. ஆச்சியின் மூன்றாவது பைண்டை மறுபடி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.