கேசரி தீர்ந்துவிட்டது, மாமா

மெல்போர்ன்
20-11-2023

அன்புள்ள மாமாவுக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. இங்கே அனைவரும் நலம், இந்திய அணியைத் தவிர.

நேற்று உலகக் கோப்பை ஃபைனல். அகமதாபாத்தில் மத்தியானம் 2 மணிக்கு ஆட்டம் என்றால் இங்கே ராத்திரி ஏழரை. சகுனமே சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. வரிசையாகப் பத்து ஆட்டம் ஜெயித்த அணி எங்கே தோற்கப்போகிறது என்று உங்கள் பெண் ஆறு மணிக்கே கேசரி கிளறி மூடி வைத்துவிட்டாள். ஜெயித்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டுமாம்.

மைதானத்தையே வாயடைக்க வைப்பதுதான் ஆசை என்று ஆஸ்திரேலிய கேப்டன் கம்மின்ஸ் முந்தின நாளே சொல்லியிருந்தார். சொன்னபடி கோலியை அவரே போல்ட் ஆக்கினார். 90,000 பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த இடத்தில் அப்படி ஒரு அமைதி. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் ராகுல் 107 பந்து ஆடினார். பவுண்டரி ஒன்றே ஒன்று. நான் அடுப்படிக்குப் போய், தோசை வார்த்து, சாப்பிட்டு, தட்டையும் கழுவிவிட்டு வந்தேன். ஸ்கோர் அங்கேயேதான் நின்றது. கடைசியில் 240.

நள்ளிரவில் ஆஸ்திரேலியா 47-க்கு 3. அப்போதுதான் உங்கள் போன். "மாப்பிள்ளை, எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றீர்கள். தரையில், இடது காலை மடக்கி என்றேன். "அசையாதீர்கள்!" 2011-ல் தோனி அந்த சிக்ஸர் அடிக்கும்வரை நீங்கள் ஊஞ்சலை விட்டு இறங்காத கதை தெரிந்தவன் ஆயிற்றே, அசைவேனா? உங்கள் பெண்ணும் காவல் இருந்தாள். தண்ணீர்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு உபசாரம் எனக்கு நடந்ததில்லை.

டிராவிஸ் ஹெட்டும் லபுஷேனும் 192 ரன் சேர்த்தார்கள். அதில் ஒவ்வொரு ரன்னும் என் இடது காலில் ஏறியது. முதலில் எறும்பு ஊர்ந்தது, பிறகு முள் குத்தியது, கடைசியில் கால் இருக்கிற இடமே தெரியவில்லை. மூன்று மணி ஆகப்போகிறது, இரண்டு ரன்தான் பாக்கி. போதுமடா சாமி என்று சுவரைப் பிடித்து எழுந்தேன். எழுந்த மாத்திரத்தில் ஹெட் அவுட்!

137 அடித்தவரை நான்தான் அவுட் ஆக்கினேன், மாமா. ஒரு மணிக்கே எழுந்திருந்தால் கோப்பை நம் கையில். உங்கள் ஊஞ்சல் சாஸ்திரத்தைத் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யவும்.

அடுத்து இறங்கியது யார்? மேக்ஸ்வெல். மெல்போர்ன் தமிழ்ப் பெண் வினி ராமனைக் கட்டியவர்; 2022-ல் அவர்களுடைய தமிழ்க் கல்யாணப் பத்திரிகையை 'நம் வீட்டு மாப்பிள்ளை' என்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதே நீங்கள்தான். ரோஹித்தை அவுட் ஆக்கியதும் அவர்தான். வந்த முதல் பந்திலேயே இரண்டு ரன் எடுத்துக் கதையை முடித்தார். உங்கள் பெண் டிவியைப் பார்த்து வாயைத் திறந்தாள். மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது என்று தடுத்துவிட்டேன். அந்த வழக்கம் அழியாமல் இருப்பது எனக்கும் நல்லது.

காலையில் ஆபீசில் கேலி செய்வார்களே என்று ரயிலிலேயே நாலைந்து பதிலடி தயார் செய்தேன். ஸ்மித்துக்கு எல்.பி.டபிள்யூ. கொடுத்தபோது ரிவ்யூ கேட்டிருந்தால் அவர் தப்பியிருப்பார் என்பதை மட்டும் மறைத்துவிடுவதாக முடிவு செய்திருந்தேன். கேசரியை வீட்டில் யாரும் தொடவில்லை. வீணாகுமே என்று டப்பாவில் எடுத்துப் போனேன். பக்கத்து மேஜைக்காரர் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, என்ன விசேஷம் என்றார். உலகக் கோப்பை என்றேன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

"ஓ, நேற்றா? நான் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டேன். யார் ஜெயித்தது?"

சொன்னேன். எங்கள் வெற்றிக்கு இனிப்பு கொண்டுவந்தாயா, என்ன மனசப்பா உனக்கு என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பதினோரு மணிக்குள் டப்பா காலி. செய்முறை வேண்டுமாம்.

அத்தையிடம் கேட்டு, முந்திரி அளவோடு எழுதி அனுப்பவும். இடது கால் இன்னும் சரியாகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
(மேக்ஸ்வெல் அல்ல)