மாதவியின் ஊரில் பத்து நிமிட ஒப்பனை

கேள்வி: வயது 48. இதுவரை பவுடர், பொட்டு மட்டும்தான். இப்போது மேக்கப் போட ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகி, பூம்புகார்

பதில்: கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் உண்டா? சிலப்பதிகாரத்தில் உங்கள் பூம்புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வண்ணமும் சுண்ணமும் சாந்தும் தெருவிலேயே விலைக்குக் கிடைத்தன. ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி 10 துவர், 5 விரை, 32 ஓமாலிகை என மூலிகைகளும் வாசனைப் பொருள்களும் ஊறிய நீரில் கூந்தலை அலசினாள், புகையில் உலர்த்தினாள், கத்தூரிக் குழம்பு பூசினாள். பாதத்துக்குச் செம்பஞ்சு. நகையெல்லாம் பிறகுதான்!

முதலில் பராமரிப்பு, பிறகு அலங்காரம் என்ற அந்த வரிசை இன்றைக்கும் சரியே. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தோல் வறளும்; அப்பிய பவுடர் சுருக்கங்களில் போய் உட்கார்ந்துகொண்டு வயதைக் கூட்டிக் காட்டும். ஆகவே, கழுவிய முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். அடுத்து, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். கடற்கரை வெயிலில் மங்கு கருக்காமலிருக்க லிப்ஸ்டிக்கைவிட இதுதான் முக்கியம். பணம் குறைவென்றால் முதலில் இதை வாங்குங்கள்.

ஃபவுண்டேஷனை முகமெங்கும் பூச வேண்டாம். கண்ணடிக் கருமையிலும் மங்கிலும் கன்சீலரைத் தொட்டு விரலால் தட்டினால் போதும். நிறத்தைக் கடை விளக்கில் நம்பாதீர்கள். தாடையோரம் தடவி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மேலிமையில் மெல்லிய மை, உதட்டுச் சாயம். அதே சாயத்தில் ஒரு துளி கன்னத்துக்கு.

புது கிரீமை முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பொறுங்கள். முகூர்த்தத்தன்று காலையில் அந்தச் சோதனை வேண்டாம்!