ஊரடங்கில் உறவு காணல்: தொகை, வகை, விரி

நிலமும் பொழுதும் கூறாது வகை பிரித்தல் புலவர்க்கு அழகன்று. ஆகவே நிலம்: மட்டக்களப்பு வாவியின் இருகரை, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. பொழுது: கொரோனாவுக்காக 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு விழுந்தது தொட்டு, 2021 ஒக்டோபர் முடிவில் மாகாணங்களுக்கிடையிலான பயணத்தடை நீங்கியது வரை. இடையில் தளர்ந்ததும் இறுகியதும் சிறுபொழுதின்பாற்படும்.

சுற்றறிக்கை எழுதிய கொழும்பு ஆசிரியர்கள் ஒன்றை முடிந்த முடிபாகக் கொண்டனர்: வீடென்றால் ஒரு குடும்பம், ஒரு வாசல்; உறவினர் என்போர் வீதி வழியே வாகனத்தில் வருவோர். இம்முடிபு எங்கள் பக்கத்துக்குப் பொருந்தாது. இங்கே வீடு மகளுக்குச் சீதனம். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவின் மூலைக்கு ஒதுங்கி இளையவளுக்கு வீடு கட்டத் தொடங்குவர். நாலு பெண்பிள்ளை பெற்றவளின் வளவில் நாலு வீடு, நாலு மருமகன், ஒரு கிணறு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, “வெளியாக்கள் ஆரும் வந்தவங்களா?” என்று கேட்டால், “இல்ல ஐயா” என்பது பொய்யாகாது. பெரியம்மா எப்படி வெளியாளாவார்?

இதனால் பெறப்படும் முதல் வகை, வேலியால் வருவோர். தலையாய வகையும் இதுவே. இவர்கள் வீதியை மிதிப்பதில்லை. வேலியில் ஆள் நுழையுமளவு விட்ட இடைவெளியால் வந்து அதனாலேயே போவர். ஆகவே இது பயணமன்று, சட்டம் தொடவும் இல்லை. இவருள் சட்டியோடு வருவோர், சட்டியைத் திருப்பித்தர வருவோர் என இரு பிரிவு உண்டு. வெறுஞ்சட்டி திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை ஆதலின், 2020 ஏப்ரல் 13 இரவு பிறந்த சார்வரி வருடத்துக்கு முறுக்கோடு புறப்பட்ட ஒரு சட்டி, தயிரோடு திரும்பி, கொழுக்கட்டையோடு மீண்டு, வைகாசி வரை நடந்துகொண்டேயிருக்கும். மூன்றாவதாக “சும்மா வந்த நான்” என்போரும் உளர். கையில் ஒன்றும் இராது. நெடுநேரம் இருப்பவர் இவரே.

இரண்டாம் வகை, மனைவி ஊர் போன ஆண்மக்கள். பிற நாட்டார் நூல்களில் பண்டிகைக்குப் பிறந்த வீட்டை நினைத்து ஏங்குபவள் பெண். எங்கள் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். ஏங்குபவன் அவளுடைய அண்ணன். படுவான்கரையில் பிறந்து களுவாஞ்சிகுடியில் கலியாணம் முடித்தவனுக்குத் தாய்க்கும் தனக்கும் நடுவே வாவி கிடக்கிறது. பட்டிருப்புப் பாலமோ, 2014இல் திறந்த மண்முனைப் பாலமோ கடந்தாக வேண்டும், பாலத்தில் பொலிசார். மருந்து, வயல், கோயில் என இவன் காட்டும் ஏதுக்கள் மூன்று. மருந்துக்குத் துண்டு கேட்பார்கள். வயலுக்குத் தடையில்லை, சித்திரையில் சிறுபோக வேலையும் தொடங்கிவிடும். ஆகையால் மடிப்புக் கலையாத சாறனும் பலகாரப் பையுமாக வயல் பார்க்கப் போகும் விவசாயி ஒருவன் அந்நாளில் தோன்றினான். இவனை வேளாண்மை நூல்கள் இன்னும் பதிவு செய்யவில்லை.

கோயில் என்ற ஏது நுட்பமானது. குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியே வருவதால், எந்த ஊருக்குக் கலியாணம் முடித்துப் போனாலும் அவன் தாயின் குடிக்காரன்தான். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு வரும்போது அந்தக் குடிக்குரிய உரிமை அவனை அழைக்கும். ஆட்தொகையைச் சுருக்கி நடத்திய அவ்வாண்டுகளில், “எங்கட குடிக்கு ஆர் நிக்கிற?” என்ற கேள்வி பெரிது. காவலரணில் நிற்கும் தென்பகுதி இளைஞருக்குத் தாய்வழிக் குடிமரபை மூன்று நிமிடத்தில் விளக்குவது மானிடவியலாளருக்கும் அரிது.

இனி இலக்கத்தால் கட்டுண்டோர். 2021 மே மாதத்தில் அடையாள அட்டையின் கடைசி இலக்கம் ஒற்றையாயின் ஒற்றைத் திகதியிலும், இரட்டையாயின் இரட்டைத் திகதியிலும் அத்தியாவசியத் தேவைக்கு வெளியே போகலாம் என்றார்கள். பழைய அட்டையில் ஆங்கில எழுத்துக்கு முந்தியதே கடைசி இலக்கம் என்க. பூச்சியம் இரட்டையே, மறுப்பார் கணிதம் அறியார். இவ்விதியின் பயன் ஆழமானது. ஒற்றைக் கணவனும் இரட்டை மனைவியும் சேர்ந்து சந்தைக்குப் போக வழியில்லை. ஒருவர் வாங்கி வந்ததை மறுநாள் மற்றவர் மாற்றி வருவார். பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த சாத்திரியார் இந்தப் பதினோராவதைக் காணாமல் விட்டது குறையே.

தோணியால் வருவோர் சிலர். மீன்பிடிக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு இருந்தது. வாவியில் இறங்கி, மீன் ஒன்றும் பிடியாமல், அக்கரையில் இரண்டு மணிநேரம் கட்டிக்கிடந்து திரும்பும் தோணியை இவ்வகையில் அடக்குக.

எல்லையில் நின்றோரைப் பற்றி விரிக்க அதிகமில்லை. திருகோணமலையும் அம்பாறையும் எங்களோடு ஒரே மாகாணம். பொலன்னறுவை வேறு மாகாணம். கொழும்பில் வேலை செய்தோருக்கு ஊர் வெலிக்கந்தைக்கு அப்பால் நின்றுவிட்டது.

காத்தான்குடியிலும் வீடு பெண்பிள்ளைக்கே. ஆதலின் முதல் வகை அங்கும் செழித்தது, வேலிக்குப் பதில் மதில். ஆனால் நோன்புப் பெருநாளுக்கு நாட்காட்டி இருமுறை பகையாயிற்று. 2020இல் மே 24, 25 நாடெங்கும் ஊரடங்கு; 2021இல் மே 14 பெருநாள், முதல்நாள் இரவே பயணத்தடை. வட்டிலப்பம் மதிலுக்கு மேலால் போனது.

திரையில் வருவோரைப் புதியவராக எண்ணுதல் பிழை. தாய் குவைத்தில் வீட்டுவேலை செய்ய, அம்மம்மாவோடு வளர்ந்த பிள்ளைகள் இமோவில் பெருநாளும் பிறந்தநாளும் கொண்டாடிப் பழகியவர்கள். ஏனையோர் 2020இல் கற்ற பாடத்தை அவர்கள் முன்பே முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு யாரும் தளர்வு அறிவிக்கவில்லை.

மரண வீடு இந்நூலுக்குப் புறம்பு. 2021 மார்ச் முதல் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் கொரோனாவில் இறந்தோரின் ஜனாஸாக்கள் அடக்கத்துக்கு வந்தன. கூட வர முடிந்தோரையும் முடியாதோரையும் வகை பிரிக்க இவ்வாசிரியனுக்குத் துணிவில்லை.

புறனடை: வர மனமில்லாதோர். இவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளும் பொற்காலம். “பாஸ் கிடைக்கல்ல மாமி” என்று சொல்லி, பக்கத்து ஊர்க் காதுகுத்துக்கும் போகாமல் இருந்தார்கள். 2021 நவம்பரில் வழியெல்லாம் திறந்தபோது இவ்வகை அழிந்துபோகும் என்று அறிஞர் அஞ்சினர். அழியவில்லை. 2022இல் பெற்றோல் வரிசை வந்தது. யூலையில் வாகனத் தகட்டின் கடைசி இலக்கம் பார்த்து எண்ணெய் கொடுத்தார்கள். மாமிக்குச் சொல்ல அது போதுமாயிருந்தது.