கடன் வாங்கிக் கழித்தல்

எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும் சனிக்கிழமை வகுப்பை ஆரம்பித்தது நான்தான். யாராவது கோபமாகக் கேட்டால் பிள்ளையாரைக் கை காட்டிவிடுவேன்.

வினை பழையது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு ஏழு வயது. அம்மா எழுத்துக் கற்கப் போவாள். வீட்டில் விட்டுப்போக ஆளில்லாததால் நானும் ஒட்டிக்கொள்வேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிலேட்டில் எழுதும்போது பின்னாலிருந்து "மூணு சுழிம்மா, ரெண்டுதான் போட்டிருக்கே" என்பேன். வீடு திரும்பும் வழியில் முதுகில் ஒன்று விழும். அறிவொளியில் பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். அம்மா பழகியபோது கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான். வேலிமுள்ளில் விழுந்தவனும் நானே. அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

பிறகு 2021-ல், கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்திருந்த சமயம், இல்லம் தேடிக் கல்வி வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி சாயங்காலம் பாடம் நடத்தினாள். அவளுக்குத் தொல்லை பிள்ளைகள் இல்லை. வாசலில் எட்டிப் பார்க்கும் பெற்றோர். "இவங்களையும் உள்ளே உட்கார வச்சா என்னண்ணே?" என்றாள். நான் தலையாட்டினேன்.

முதல் வாரம் பதினோரு பிள்ளைகள், மூன்று பெரியவர்கள். அதில் ஒருவர் செருப்பைத் தேடி வந்தவர். அடுத்த வாரம் சுண்டல் போட்டோம், மண்டபம் நிறைந்தது. பிள்ளையிடம் கேள்வி கேட்டால் அம்மா பதில் சொல்வார். அம்மாவிடம் கேட்டால், "நேத்து காய்ச்சல் சார்."

ஒருநாள் 52-லிருந்து 17 கழித்தல். பத்துப் பத்துத் தீக்குச்சியாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. டீக்கடைக்காரருக்கு அவர் மகளே வாத்தியார்.

"ரெண்டுல ஏழு போகாதுப்பா. பக்கத்துல கடன் வாங்கணும்."

"எப்ப திருப்பித் தரணும்?"

"தர வேண்டாம்."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. கணக்கு நோட்டோடு சுற்றுகிற மனிதர்; ஆர்வமாக ஒரு கட்டைப் பிரித்து உதிரியோடு சேர்த்தார். பன்னிரண்டில் ஏழு போனது, நாலு கட்டில் ஒன்று போனது. மிச்சத்தை எண்ணினால் 34. மகள் மறுபடி எண்ணினாள். 34. நான் எண்ணினேன். கரும்பலகையிலோ 35.

தொலைந்த ஒன்று அவர் காதில் இருந்தது. குடைந்துகொண்டே யோசித்திருக்கிறார்.

கூட்டம் அடங்காமல் சிரித்ததால் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்த வார அறிவிப்பைப் பலகையில் எழுதினேன்: 'சுன்டல் உண்டு'. பின்வரிசையில், தூணில் சாய்ந்திருந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"டேய், சுண்டல்ல ஒரு சுழி குறையுது."