வாசலில் நிற்கும் 303

அமெரிக்காவில் கருக்கலைப்பு கிளினிக் வாசலில் பதாகை பிடிப்பவர்களோடு வாக்குவாதமாவது செய்யலாம். இலங்கையில், புனித அன்னம்மாள் திருத்தலம் இருக்கும் தலவிலவில் அதற்கும் வழியில்லை. எதிர்த்து நிற்கக் கிளினிக் இருந்தால்தானே! நாடு முழுக்க 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவே காவல் நிற்கிறது: தாயின் உயிரைக் காக்க அல்லாமல் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை, வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கியிருந்தால் 7. தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் சேர்த்துத்தான். (சம்பந்தப்பட்ட ஆணைப் பற்றிச் சட்டம் மூச்சுவிடவில்லை.) 2017இல் வன்புணர்வால் கருவுற்றவர்களுக்காவது விலக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள். யோசனை கிடப்புக்குப் போனது. தலவிலவின் ஆகஸ்ட் திருவிழாவில் பிள்ளை வரம் கேட்டு அன்னம்மாளுக்கு மெழுகுதிரி ஏற்றும் கூட்டத்தில், நேர் எதிரானதை வேண்டி வந்தவளும் இருப்பாள். எப்படி வாய் திறப்பாள்? பக்கத்திலேயே மாமியார் முழந்தாளில் நிற்கிறாரே!